அவிச்ச மாவும் பீட்சாவும்: கோதுமை எங்கள் வீட்டுக்கு வந்ததும் போனதும்

கிளினிக்கில் தந்த தாள் ஒரு பக்கம்தான். தவிர்க்க வேண்டியவை எண்டு தலைப்புப் போட்டு, கீழே பாண், பணிஸ், விசுக்கோத்து, நூடில்ஸ், றோல்ஸ், றொட்டி, கேக் எண்டு வரிசையாகக் கிடந்தது. தங்கச்சி அதை வாசித்து முடித்துவிட்டு, "அப்ப கன்ரீனில மிச்சம் இருக்கிறது தண்ணிப் போத்தல் மட்டும்தான்" எண்டாள். அவளுக்குச் சீலியாக் நோய். இரண்டு வருசமாக வயிற்றுக்குத்து, இரத்தசோகை, மெலிவு. பூச்சி மருந்து, இரும்புச்சத்துக் குளிசை எல்லாம் குடுத்துப் பார்த்து, கடைசியில் இரத்தப் பரிசோதனையிலும் குடலில் இருந்து எடுத்த சின்னத் துண்டிலும்தான் விசயம் பிடிபட்டது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் பட்டால், அவளுடைய உடம்பே அவளுடைய சிறுகுடலைத் தாக்குகிறது. குடல் ஆறும்வரை சில மாதத்துக்குப் பாலும் வேண்டாம் எண்டார்கள்.

அடுத்த மாதம் அவளுக்குப் பதினேழு. கேட்டது ஒன்றே ஒன்று: பீட்சா. வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம், பிறந்தநாளும் வெள்ளியில்தான் வந்தது. ஆகவே முட்டையும் இல்லை, சீஸும் இல்லை, கோதுமையும் இல்லை. வீகன், குளூட்டன் இல்லாத பீட்சா எண்டு கொழும்புக் கடைகளில் பெரிய விலைக்கு விற்கிற சாமான், எங்கள் வீட்டுக்கு நோயும் விரதமும் சேர்ந்து கொண்டுவந்த கட்டாயமாகிவிட்டது.

தாளைப் பார்த்து அம்மம்மா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "நாங்கள் சின்னனில பாண் எண்டால் காய்ச்சல்காரருக்குத்தான் வாங்கிறது. இப்ப அது இல்லாமல் சாப்பாடே இல்லை எண்டமாதிரி எழுதிக் கிடக்கு. எப்ப பிள்ளை இப்பிடி ஆச்சு?"

பாண் எங்களுக்குப் பழைய சொல். போர்த்துக்கேயரிடம் இருந்து வந்தது, போறணையும் விசுக்கோத்தும் வந்த அதே வழியில். ஆனால் சொல் வந்ததும் சாப்பாடு வந்ததும் ஒரே காலம் இல்லை. கோதுமை குளிர் நிலத்துப் பயிர். இலங்கையில் விளைச்சல் எண்டு சொல்லும்படி ஒருபோதும் இருந்ததில்லை. காலனிக் காலம் முழுக்க பாண் துறைமுகப் பட்டினங்களிலும் வெள்ளைக்காரர் மேசையிலும்தான் கூடுதலாகப் புழங்கியது. கிராமத்தில் சோறு, பிட்டு, குரக்கன், ஒடியல், சாமை.

திருப்பம் 1942. அதற்கு முன்னர் இலங்கை தனக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதியை வெளியில் இருந்துதான், முக்கியமாகப் பர்மாவில் இருந்து இறக்கியது. அந்த வருசம் மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. அரசாங்கம் பங்கீட்டு அரிசியைக் குறைத்து, அந்த ஓட்டையை அடைக்கக் கோதுமை மாவைக் குடுத்தது. யுத்தம் முடிந்தது, மா நிற்கவில்லை. மலிவு மாவும் மலிவு அரிசியும் அரசியலின் நடுவில் வந்து குந்திவிட்டன. 1953 இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதற்குப் பிறகு வந்த எந்த அரசாங்கமும் அரிசி, மா விலையில் பயந்து பயந்துதான் கை வைத்தது. அமெரிக்காவில் விளைந்து மிஞ்சிய கோதுமையும் உதவி, கடன் என்ற பெயர்களில் வந்து சேர்ந்தது. அம்மம்மாவின் தாய் அதை "அமெரிக்கன் மா" எண்டுதான் சொல்லுவாவாம்.

எழுபதுகளைப் பற்றி அம்மம்மா கதைக்கத் தொடங்கினால் நிறுத்தேலாது. உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலை ஏறி, இங்கே அந்நியச் செலாவணி இல்லாமல், பாணுக்கு விடியப்புறம் வரிசை. இறக்குமதித் தடையால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்து யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கிய காலமும் அதுதான். காசு இருந்தது, பாண் இல்லை. அப்போது மரவள்ளி அவித்துச் சாப்பிட்ட நாட்களை அம்மம்மா எண்ணிச் சொல்லுவா. இன்றைக்கும் மரவள்ளிக் கிழங்கை அவ தட்டில் போட விடமாட்டா. "அது இல்லாத காலத்துச் சாப்பாடு" எண்டு ஒரே வார்த்தை.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதே காலத்தில் சிங்கப்பூர் பிரிமா நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆகி, 1980 இல் திருகோணமலைச் சீனன்குடாவில் மா ஆலை ஓடத் தொடங்கியது. அதன்பின் நாட்டுக்கு மா வெளியில் இருந்து வரத் தேவையில்லை, கோதுமை வந்தால் போதும். பாண், கொத்துறொட்டி, பராட்டா, மாலுபாண், பக்கெட் நூடில்ஸ் எல்லாம் அந்த ஆலை மாவில் எழும்பியவை. நாற்பது வருசத்தில் காய்ச்சல்காரரின் சாப்பாடு அவசரச் சாப்பாடாகி, பிறகு அன்றாடச் சாப்பாடும் ஆகிவிட்டது. எவ்வளவு தூரம் தங்கியிருக்கிறோம் எண்டது 2022 இல் தெரிந்தது. டொலர் இல்லை, உக்ரைனில் யுத்தம், பாண் விலை தலைக்கு மேலே. நாங்களும் காஸ் வரிசையில் நிண்ட ஆக்கள்தான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அரசாங்கம் செய்தது இல்லை, யாழ்ப்பாணத்துக் குசினி செய்தது. வந்த மாவை எங்கள் ஆச்சிமார் பாண் ஆக்கவில்லை. அவிச்சார்கள். பச்சைக் கோதுமை மாவை வெள்ளைத் துணியில் கட்டி ஆவியில் வைத்து, இறக்கி, சூட்டோடு கட்டி உடைத்து, அரிதட்டில் அரித்தால் அவிச்ச மா. அதில் பிட்டு குழைக்கலாம், இடியப்பம் பிழியலாம். அவிக்காத மாவில் இது இரண்டும் சரிவராது. தண்ணீர் பட்டதும் சவ்வுபோல இழுபடும்.

அந்த இழுபடுகிறதுதான் குளூட்டன். இத்தாலியில் பொலோஞா நகரத்து யாக்கொப்போ பெக்காரி 1728 இல் இதைப் பிரித்துக் காட்டினார். செய்முறை பிள்ளை விளையாட்டு. கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக மாப்பொருள் கரைந்து போகும், கையில் றப்பர்போல ஒரு கட்டி மிஞ்சும். குளூட்டன் எண்டால் லத்தீனில் பசை. உள்ளே முக்கியமாக இரண்டு வகைப் புரதம்: குளூட்டனின் மாவுக்கு வில்லின் விறைப்பைக் குடுக்கும், கிளியடின் நீளுகிற குணத்தைக் குடுக்கும். இரண்டும் சேர்ந்து நெய்த வலைக்குள் ஈஸ்டின் காற்று அகப்பட்டால் பாண் பொங்கும், பீட்சா உப்பும். சீனத்துப் பௌத்த கோயில் குசினிகளில் இந்தக் கட்டியையே இறைச்சிக்குப் பதிலாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். வீகன் எண்டால் குளூட்டனும் இருக்காது எண்டு நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆவியின் சூட்டில் அந்தப் புரதங்கள் உருக்குலைந்து போகின்றன. பிறகு தண்ணீர் விட்டாலும் வலை நெய்யாது. ஆக, எங்கள் ஆச்சிமார் கோதுமையின் குணத்தைப் பிடுங்கி, அதை அரிசி மாதிரி நடக்கப் பழக்கினார்கள். நான் இப்போது அரிசியைக் கோதுமை மாதிரி நடக்கச் சொல்லிக் கேட்கிறேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: அவித்தால் குளூட்டனின் இழுவைதான் போகும், நோயாளிக்கு அதன் கேடு போகாது. அவிச்ச மாப் பிட்டும் தங்கச்சிக்கு நஞ்சுதான். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

கேடு கோதுமையில்தான் எண்டு உலகத்துக்குத் தெரியவே நெடுங்காலம் எடுத்தது. 1888 இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்த நோயைத் தெளிவாக எழுதினார். குணமாக்க முடிந்தால் அது சாப்பாட்டாலேதான் எண்டும் ஊகித்தார். ஒரு பிள்ளைக்கு ஒல்லாந்துச் சிப்பி குடுக்க நன்றாகத் தேறியதாம். சிப்பிக் காலம் முடிய நோய் திரும்பியதாம். விடை மூக்குக்கு முன்னால் இருந்தும் அவர் பிடிக்கவில்லை. 1924 இல் நியூயோர்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியம் கொண்டுவந்தார். பாண், உருளைக்கிழங்கு எல்லாம் நிறுத்தி, நாள் முழுக்க வாழைப்பழம். பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழம்தான் மருந்து எண்டு உலகம் நம்பியது, பாணை நிறுத்தியதுதான் மருந்து எண்டு ஒருத்தருக்கும் படவில்லை. தேறியாச்சு எண்டு திரும்பப் பாண் குடுத்த பிள்ளைகளுக்கு நோயும் திரும்பியது.

விடையைப் பிடித்தவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே. ஹேக் நகரத்து யூலியானா சிறுவர் மருத்துவமனையில் வேலை செய்தவர். முப்பதுகளிலேயே கோதுமை இல்லாத சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குக் குடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பிறகு 1944–45 பனிக்காலம் வந்தது. ஒல்லாந்து ரயில்காரரின் வேலைநிறுத்தத்துக்குப் பதிலாக ஜேர்மனியர் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். தடை எண்டால் என்னவெண்டு 1990 க்குப் பிறகு வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சனம் துலிப் பூவின் கிழங்கையும் சீனிக் கிழங்கையும் அவித்துத் தின்றது. சுமார் 20,000 பேர் செத்தார்கள். ஊரே மெலிந்த அந்தக் காலத்தில் சீலியாக் பிள்ளைகளின் நிலை மோசமாகவில்லை எண்டும், பாண் திரும்பி வந்தபோதுதான் அவர்கள் மறுபடி விழுந்தார்கள் எண்டும் சொல்லுவார்கள். பஞ்சம்தான் கண்டுபிடித்தது என்ற மாதிரி இந்தக் கதை பல இடத்தில் எழுதப்படுகிறது. அது டிக்கேக்குச் செய்கிற அநியாயம். பஞ்சத்துக்குப் பல வருசம் முன்னரே அவருக்குச் சந்தேகம் இருந்தது. பஞ்சம் அதை உறுதிப்படுத்த உதவியது, அவ்வளவுதான். 1950 இல் ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டைக் குடுத்தார். பிறகு வான் டே காமர், வையர்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து, கேடு மாப்பொருளில் இல்லை, பெக்காரி கழுவி எடுத்த அந்தப் பசையில்தான் எண்டு காட்டினார்.

அம்மம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். சீலியாக் பற்றி ஒண்டும் கேட்கவில்லை. "பூக் கிழங்கையே தின்டவை? பாவங்கள்" எண்டா.

இனிப் பீட்சா. நேப்பிள்ஸில் அது ஏழைகளின் தெருச் சாப்பாடு. அங்கே இன்றைக்கும் போடுகிற மரினாரா வகையில் தக்காளி, உள்ளி, ஒரேகானோ, ஒலிவ் எண்ணெய் மட்டும்தான், சீஸே இல்லை. ஆகவே வீகன் பீட்சா புதுசு ஒண்டுமில்லை. சிக்கல் தட்டில்தான். ஆனால் அதே இத்தாலியில், வடக்கே ஜெனோவாத் துறைமுகத்தில் ஃபரினாத்தா எண்டு ஒன்று இருக்கிறது. கடலை மா, தண்ணீர், ஒலிவ் எண்ணெய், உப்பு. கரைத்து, புளிக்க விடாமல் சும்மா ஊற விட்டு, அகலமான செப்புத் தட்டில் ஊற்றி விறகுப் போறணையில் சுடுவது. 1284 இல் மெலோரியாக் கடற்போரில் பீசாக்காரரை வென்று திரும்பிய ஜெனோவாக் கப்பல், புயலில் அகப்பட்டு, கடலை மாவும் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் கலந்து, வெயிலில் காய்ந்து பிறந்ததாம். எந்தத் துறைமுகத்துக்கும் இப்படி ஒரு கதை இருக்கும், நம்பத் தேவையில்லை. பிரெஞ்சுக் கரையில் நீஸ் நகரத்தில் இதன் பெயர் சொக்கா. ஜெனோவாவில் இருந்து பிழைக்கப் போனவர்கள் ஆர்ஜென்ரீனாவுக்கும் உருகுவேக்கும் கொண்டுபோக அங்கே ஃபைனா. புவனஸ் அயர்ஸில் பீட்சாத் துண்டுக்கு மேலே ஃபைனாத் துண்டை ஏற்றி, குதிரையில ஏறின பீட்சா எண்டு சாப்பிடுகிறார்கள். கோதுமைக்கு மேலே கடலை. எங்கள் வீட்டுக்குக் குதிரையை மட்டும் இறக்கிவிட்டால் போதும்.

என் முதல் முயற்சி இது இல்லை. இணையத்தில் பார்த்து வெள்ளை அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்தேன். உருட்டினால் வெடித்தது, தூக்கினால் உதிர்ந்தது. பின்னால் நிண்டு பார்த்த அம்மம்மா, "இடியப்பத்துக்குக் குழைக்கேக்க கொதிதண்ணி விடுறதெண்டு தெரியாதே?" எண்டா. கொதிநீர் பட்டதும் அரிசியின் மாப்பொருள் வீங்கிப் பசையாகிறது. புரத வலை இல்லாத இடத்தில் அந்தப் பசைதான் மாவைப் பிடித்து வைக்கிறது. குளூட்டன் இல்லாத மாக் கலவைகள் செய்கிற பெரிய கொம்பனிகளும் பசைக்குத்தான் அலைகிறார்கள். சந்தான் கம் போடுகிறார்கள், இசப்கோல் போடுகிறார்கள்.

இப்போது வீட்டில் இரண்டு விதமாகச் செய்கிறோம். சுகமானது கடலை மாத் தட்டு. 200 கிராம் கடலை மாவில் 400 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, உப்புப் போட்டு, நாலு மணித்தியாலமாவது மூடி வையுங்கள். மேலே வருகிற நுரையை எடுத்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் கலக்கவேண்டும். ஊறவிடாமல் சுட்டால் பச்சைக் கடலை மணம் போகாது, அனுபவத்தில் சொல்லுறன். ஓவன் தேவையில்லை. அடி தடித்த தாச்சியை நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் தடவி, பாதிக் கரைசலை ஊற்றி மூடி, இளஞ்சூட்டில் அடி சிவக்கும்வரை விட்டு, கவனமாகத் திருப்பிப் போடுங்கள். திருப்பினபிறகுதான் வதக்கிய தக்காளி, உள்ளி, வெங்காயம் எல்லாம் பரப்புவது. இந்த அளவுக்கு இரண்டு தட்டு வரும்.

மற்றது அரிசி மாத் தட்டு: ஒரு கோப்பை வறுத்த அரிசி மா, கால் கோப்பை மரவள்ளி மா, ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் உமி, உப்பு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை அளவாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் எண்ணெய் தொட்டுப் பிசைந்து, வாழையிலைத் துண்டுக்கு நடுவில் மெல்லிசாகத் தட்டி, கல்லில் இரண்டு பக்கமும் சுடவேண்டும். இது பாண்போலப் பொங்காது, ஆறினால் விறைக்கும். சூட்டோடு தின்னவேண்டியது. குரக்கன் மா பாதி கலந்தால் நிறம் கறுக்கும், ருசி எனக்குக் கூடுதலாகப் பிடித்தது. மரவள்ளி மா கலந்ததை அம்மம்மாவுக்கு நாங்கள் சொல்லவில்லை.

செய்முறையை விடக் கடினம், மா எங்கே அரைபட்டது எண்டு தெரிஞ்சுகொள்வது. ஊர் மில்லில் எங்கள் அரிசிக்கு முன்னால் அதே கல்லில் ஆரோ கோதுமை அரைத்திருப்பார்கள். கடலை மாவில் மலிவுக்குக் கோதுமை மா கலப்பதும் உண்டு. கட்டிப் பெருங்காயத்துக்கும் தூள் பெருங்காயத்துக்கும் பெரும்பாலும் கோதுமை மாதான் கூட்டாளி; சோயா சோஸிலும் கோதுமை இருக்கும். பிறந்தநாளுக்கு நாங்கள் கடலைப் பருப்பை வாங்கிக் கழுவிக் காயவிட்டு, வீட்டு மிக்ஸியில் அரைத்து அரித்தோம். அதில் சுட்ட தட்டில் ஒரு துண்டை அம்மம்மாவும் எடுத்தா. "உது தோசைதானே பிள்ளை, பேரைத்தான் மாத்திப் போட்டியள்" எண்டு சொல்லிக்கொண்டு இரண்டாவது துண்டுக்கும் கை நீட்டினா.

தங்கச்சிக்கு இப்போது ஐந்து மாதம். இரத்தம் ஏறியிருக்கு, முகம் கொஞ்சம் நிரம்பியிருக்கு. அடுத்து அவளுக்குக் கொத்து வேணுமாம். கொத்துறொட்டிக்கு வீசி இழுக்கிற மா வேண்டும். அரிசியிலும் கடலையிலும் அது வராது. இடியப்பக் கொத்து இருக்கே எண்டு சொன்னேன். சந்திக் கடையில் போய் விசாரித்தோம். இடியப்பத்துக்கு அரிசி மாவோடு அவிச்ச கோதுமை மாவும் பாதிக்குப் பாதி கலக்கிறவையாம். தனி அரிசி மாவில செய்து கொண்டுவந்து தந்தால் கொத்தித் தாறியளோ எண்டு கேட்டோம். கடைக்காரர் அண்ணை நல்ல மனுசன், தாறன் எண்டார். ஆனால் கல்லு ஒண்டுதான், காலமையில இருந்து றொட்டி போட்ட கல்லு.